சேப்பாக்கத்துக்கு வந்த சிஷோம்

நேப்பியர் பாலத்தைத் தாண்டி காமராசர் சாலையில் தெற்கே நடந்தால் வலது கைப் பக்கம் வரிசையாக வரும். முதலில் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ், அடுத்து சேப்பாக்கம் அரண்மனை, பக்கத்திலேயே பொதுப்பணித் துறைக் கட்டடம், அப்புறம் மாநிலக் கல்லூரி. காலை ஆறரை மணிக்கு வெயில் கடலிலிருந்து நேராக வந்து இந்தச் செங்கல் முகங்களில் விழும்போது பார்க்க வேண்டும். மெரினாவில் நடக்க வருகிறவர்கள் கடலைப் பார்த்தபடி நடப்பார்கள். நான் பல வருஷமாகக் கடலுக்கு முதுகு காட்டித்தான் நிற்கிறேன். இந்த வரிசை மொத்தத்திலும் ஒரே ஆளின் கை இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அந்த ஆளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம். 1840-இல் பிறந்த ஆங்கிலேயர்.

கல்கத்தாவில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர். 1864-இல் சென்னை அரசாங்கம் மாநிலக் கல்லூரிக்கும் செனட் ஹவுஸுக்கும் வரைபடம் கேட்டு விளம்பரம் கொடுத்தது. செனட் ஹவுஸுக்கு மட்டும் 17 வரைபடங்கள் வந்தன. இரண்டு கட்டடத்துக்கும் தேர்வானது சிஷோமுடையது. அப்போது அவருக்கு வயது 24. அடுத்த வருஷமே மெட்ராஸுக்கு வந்துவிட்டார். அரசாங்கத்தின் ஆலோசனைக் கட்டடக் கலைஞர் என்ற பதவியில் ஏறக்குறைய இருபது வருஷம் இங்கேயே இருந்தார். இன்றைக்கு இருபத்துநான்கு வயதில் ஓர் ஆர்க்கிடெக்டுக்குக் கழிவறை டைல்ஸ் கணக்குப் பார்க்கும் வேலை கிடைத்தாலே பெரிய விஷயம் என்பதை நினைத்துக்கொண்டு அந்த வயதைப் படிக்க வேண்டும்.

முதலில் எழும்பியது மாநிலக் கல்லூரி. 1867-இல் அடிக்கல், 1870-இல் திறப்பு. அது இத்தாலியப் பாணி. நல்ல கட்டடம், குறை சொல்ல மாட்டேன், வராந்தாவில் நின்றால் கடல்காற்று வரும். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு போய் வேறு எந்தக் காலனி ஊரில் வைத்தாலும் பொருந்திவிடும். அதைக் கட்டிய சிஷோம் இந்த ஊரை இன்னும் பார்க்க ஆரம்பிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும். லண்டனிலிருந்து கொண்டுவந்த கண்ணோடு வரைந்திருக்கிறார்.

அந்தக் கண் எங்கே மாறியது? என் ஊகம், மதுரையில்.

1866-இல் மெட்ராஸுக்கு கவர்னராக வந்தவர் நேப்பியர் பிரபு. பாலத்துக்குப் பேர் கொடுத்த அதே ஆள். அவர் மதுரை திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்தபோது அது பாழடைந்து கிடந்தது. நாயக்கர் 1636-இல் கட்டியது, பிறகு சொக்கநாத நாயக்கர் காலத்தில் பாதிக்குமேல் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள், இப்போது நாம் பார்ப்பது கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்குதான். மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும் என்று நேப்பியர் உத்தரவு போட்டார். வேலை சிஷோமிடம் வந்தது.

மகாலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அந்தத் தூண்களைக் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. மேலே வளைவுகளில் சுதை வேலை. கருங்கல்லில் செதுக்கினதுபோல் தெரியும், தொட்டுப் பார்த்தால் செங்கல்லும் சுண்ணாம்பும். இப்படிப்பட்ட ஒன்றைப் பழுது பார்க்க வேண்டுமென்றால் வரைபடம் போட்டு அனுப்பினால் ஆகாது. சாந்தில் என்ன கலந்திருக்கிறது, எத்தனை நாள் ஊறவைத்தார்கள், எந்தப் பக்கமாகத் தேய்த்தார்கள் என்று அதே வேலை தெரிந்தவர்களிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். முப்பது வயதுகூட ஆகாத ஒரு வெள்ளைக்காரர் மதுரை வெயிலில் சாரத்துக்குக் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பதை என்னால் கற்பனை செய்ய முடிகிறது. அவர் உண்மையில் படித்த பள்ளிக்கூடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. என் தாத்தா கொத்தனார். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து பதினாலு வயதில் மெட்ராஸ் வந்து, மயிலாப்பூர் பழைய வீடுகளில் டெரஸ் பழுது பார்க்கும் வேலையில் ஆரம்பித்தவர். சிமெண்ட் வந்த பிறகு அதற்கு மாறிக்கொண்டார், ஆனால் மனசு மாறவில்லை. சின்ன வயதில் என்னை உட்காரவைத்து மெட்ராஸ் டெரஸ் போடுவதை அவர் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. முதலில் தேக்கு உத்தரம். அதன்மேல் குறுக்கே கட்டைகள். கட்டைக்கு மேல் மெலிசான சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டத்தில், மூலைவாக்கில், சுண்ணாம்புச் சாந்து வைத்து ஒன்றோடொன்று நெருக்கி அடுக்க வேண்டும். அடியில் முட்டு எதுவும் கிடையாது, செங்கல் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு நிற்கும். அது இறுகின பிறகு மேலே சுண்ணாம்பும் உடைத்த செங்கல் ஜல்லியும். அதற்கப்புறம்தான் விஷயமே. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டத் தொடங்குவார்கள், கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நாள் கணக்காக.

"எப்போ தாத்தா நிறுத்துவாங்க?" என்று கேட்டேன்.

"கட்டை எகிறணும் கண்ணு. தட்டுன கட்டை கையிலேயே திரும்பி எகிறுனா தளம் ஆயிடுச்சுன்னு அர்த்தம். அதுவரைக்கும் தட்டணும்."

இதை எந்த வரைபடத்தில் எழுத முடியும்?

சரி, சேப்பாக்கத்துக்கு வருவோம். ஆற்காட்டு நவாபின் அரண்மனை அது, 1768-வாக்கில் கட்டப்பட்டது. 1855-இல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்தார், கம்பெனி பட்டத்தை ரத்து செய்தது, அரண்மனை ஏலத்துக்கு வந்தது, அரசாங்கமே எடுத்துக்கொண்டது. நடந்தது நியாயமில்லை. அந்த நியாயமில்லாத காரியத்துக்குப் பிறகு, அரண்மனையின் இரண்டு பகுதிகளான கலச மகாலையும் ஹுமாயூன் மகாலையும் அலுவலகங்களாக மாற்றி, நடுவில் ஒரு கோபுரத்தை எழுப்பி இரண்டையும் சேர்த்துக் கட்டும் வேலை சிஷோமுக்கு வந்தது. பறித்த வீட்டில் தன் பாணியை ஏற்றிவைக்கிற ஆளாக அவர் இருந்திருக்கலாம். ஆனால் அவர் நவாபின் கட்டடம் பேசிய மொழியிலேயே அந்தக் கோபுரத்தைக் கட்டினார். இன்றைக்குப் பார்க்கிறவர்களுக்கு எது நவாபுடையது எது சிஷோமுடையது என்று சட்டென்று பிரித்துச் சொல்ல வராது. நான் பல தடவை எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று அந்த இணைப்பு எங்கே என்று தேடியிருக்கிறேன்.

2012 பொங்கல் முடிந்த கையோடு கலச மகாலில் தீப்பிடித்தது. அணைக்கப்போன தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். இரண்டு நாள் கழித்துப் போனேன். உள்ளே விடவில்லை, வெளியிலிருந்தே பார்க்க முடிந்தது. கூரை இல்லை. சுவர்கள் நின்றன. கருகின உத்தரங்களின் முனை சுவர்ப் பொந்துகளில் துருத்திக்கொண்டிருந்தது, தாத்தா சொன்னதெல்லாம் வெட்டுத் தோற்றமாகக் கண்முன்னால்: கட்டை, குத்துச்செங்கல், ஜல்லி, மேலே ஓடு. அப்போது தாத்தா இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அவர் இருந்திருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டியிருப்பேன், அவர் தாங்கியிருப்பாரா என்று தெரியாது. இடித்துத் தள்ளிவிடலாம் என்ற பேச்சுகூட அடிபட்டது. நல்லவேளை, பிறகு சுண்ணாம்பு முறையிலேயே சீரமைத்தார்கள். இப்போது பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது.

1870-இல் நேப்பியர் இந்தியக் கட்டடக் கலையைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அரசாங்கக் கட்டடங்களுக்கு இஸ்லாமியப் பாணியே தகுந்தது, வளைவும் குவிமாடமும் இருந்தால் பெரிய கூடம் கிடைக்கும், வெளிச்சமும் காற்றும் கிடைக்கும் என்பது அவர் வாதம். தமிழ்நாட்டுக் கோயில் கட்டுமானம் தூணும் உத்தரமும் சார்ந்தது, தூண்களை நெருக்கி வைத்தாக வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் சோழமண்டலக் கரையில் உட்கார்ந்துகொண்டு பக்கத்தில் இருந்த ஆயிரம் வருஷ மரபை இவ்வளவு சுலபமாக ஒதுக்கியிருக்க வேண்டாம். அந்த வருத்தம் எனக்கு இப்போதும் இருக்கிறது. செனட் ஹவுஸைப் பார்க்கும்வரைதான் இருக்கும், பார்த்தவுடன் வாய் அடைத்துவிடும், அது வேறு.

செனட் ஹவுஸ் 1874-இல் தொடங்கி 1879-இல் முடிந்தது. போட்டியில் ஜெயித்ததற்கும் முடிந்ததற்கும் நடுவே பதினைந்து வருஷம். நாலு மூலைக் கோபுரங்கள், மேலே குவிமாடங்கள், நடுவில் பெரிய கூடம், பக்கங்களில் வராந்தா. பழைய கிழக்கு ரோமானியப் பாணியான பைசாந்தியத்தையும், இந்திய-இஸ்லாமிய வடிவங்களை ஐரோப்பியக் கட்டுமானத்தோடு சேர்க்கும் இந்தோ-சாரசனிக்கையும் கலந்தது என்று புத்தகங்கள் சொல்லும். பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டும் ஒரு மரபு நடையில் உள்ளே போகும் வாய்ப்புக் கிடைத்தது. கூடத்தில் கூட்டமாக எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் குனிந்து தரையைப் பார்த்தேன், வண்ணக் கண்ணாடிச் சன்னலிலிருந்து நீலமும் மஞ்சளுமாக ஒரு பட்டை வெளிச்சம் என் செருப்புமேல் விழுந்திருந்தது. பேச்சை நிறுத்திவிட்டு ஒரு ஐந்து நிமிஷம் நகராமல் நின்றேன், அது மெதுவாக என் காலைவிட்டு நகர்ந்து போனது. வெளி வராந்தாவில் கல் தூண்களின் தலைப்பைக் கிட்டப் போய்ப் பாருங்கள். செதுக்கினவன் யாரோ, அளவு மட்டும் கொடுத்திருக்கிறார்கள், மீதியை அவன் கை முடிவு செய்திருக்கிறது. 1937-இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் சில மாதங்கள் இங்கேதான் கூடியது.

மற்ற வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். சென்ட்ரல் ஸ்டேஷன் மூல வரைபடம் ஹார்டிங் என்பவருடையது, சிஷோம் அதைத் திருத்தி மணிக்கூண்டைச் சேர்த்தார். ராஜாஜி சாலையில் தலைமை அஞ்சலகம், 1884-இல் முடிந்தது. அண்ணா சாலையில் பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடை. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் விக்டோரியா பப்ளிக் ஹால், 1897-இல் விவேகானந்தர் பேசிய இடம். ஊட்டியில் நீலகிரி நூலகம், லவ்டேலில் லாரன்ஸ் பள்ளி. நடுவில் 1877-லிருந்து 1883-வரை மெட்ராஸ் கலைத்தொழிற் பள்ளிக்குத் தலைவராகவும் இருந்தார், இன்றைய எழும்பூர் கவின்கலைக் கல்லூரி அது. நிறையப் பேர் உயர் நீதிமன்றத்தையும் இவர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அது பிராசிங்டன், ஹென்றி இர்வின் போன்றவர்கள் செய்தது.

திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்தை மட்டும் அப்படித் தாண்டிப் போக மனசு வரவில்லை. 1874-இல் பழைய கட்டடத்தை இடித்துவிட்டு 1880-இல் முடித்தது. பேர் கவர்னருடையது, உயிர் மலையாள நாட்டுத் தச்சர்களுடையது. கூர்மையாக இறங்குகிற ஓட்டுக் கூரைகள், முகப்பில் மரவேலை, வண்ணப்பட்டை போட்ட சுவர்கள். நான் போனது ஒரு மே மாத மதியம், வெளியே கொதித்தது, உள்ளே மின்விசிறி இல்லாத மூலையில்கூடக் காற்று ஓடிக்கொண்டிருந்தது. மழையும் புழுக்கமும் சேர்ந்த ஊருக்கு எப்படிக் கூரை போட வேண்டும் என்று அங்குள்ள தச்சர்களுக்குப் பரம்பரையாகத் தெரியும். சிஷோம் அதை அப்படியே கேட்டுக்கொண்டார். நேப்பியர் சொன்ன இஸ்லாமியப் பாணியை நேப்பியர் பேரில் இருக்கும் கட்டடத்திலேயே ஒதுக்கிவைத்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அந்தக் கூரை அவர் மனசில் தங்கியும்விட்டது. சென்ட்ரல் கோபுரங்களுக்கும் அஞ்சலகக் கோபுரங்களுக்கும் அவர் வைத்த தொப்பிகளைத் திருவிதாங்கூர் தொப்பி என்றே சொல்வார்கள்.

1883-வாக்கில் லண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்ட்ஸ் முன்னால் ஒரு கட்டுரை வாசித்தார். பரோடாவில் கட்டிக்கொண்டிருந்த கல்லூரியைப் பற்றியும், இந்தியாவில் குவிமாடம் கட்டும் முறைகளைப் பற்றியும். அதில் அவர் சொன்னதன் சாரம் இது: பொருளின்மேல் தங்கள் கைத்தடத்தைப் பதிக்கப்போகிறவர்கள் இந்த ஊர்த் தொழிலாளிகள், அவர்களுக்கென்று கலையில் ஒரு மொழி இருக்கிறது, அது ஒரு மொழி என்று நம்மால் அடையாளம் காண முடியும், முழுக்கப் புரிந்துகொள்ள முடியாது, ஆகவே இந்தியாவில் வேலை செய்கிற கட்டடக் கலைஞர் தயங்காமல் இந்த நாட்டுப் பாணியிலேயே வேலை செய்ய வேண்டும். ஆளுகிற இனத்தைச் சேர்ந்த ஒருவர், தன் ஊர்ப் பெரியவர்கள் சபையில், என் வேலையாளுக்குத் தெரிந்தது எனக்கு முழுசாகப் புரியாது என்று சொல்லியிருக்கிறார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் நான் அதற்கு நேர்மாறானதைப் பார்த்திருக்கிறேன். படிப்பு முடித்துக் கொஞ்ச வருஷம் ஒரு கட்டட அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். ஒரு கல்யாண மண்டப வேலை. சைட்டில் வயசான மேஸ்திரி ஒருவர், சன்ஷேடுக்கு அடியில் விளிம்பை ஒட்டி விரலளவு பள்ளம் ஒன்று இழுத்துவிட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், சுவருக்கு வராது என்று சொன்னார். ஒரு கோடு, ஒரு கயிறு, அரை நாள் கூலி. நான் அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். டிராயிங்கில் இல்லாததை மேஸ்திரி பேச்சைக் கேட்டுச் செய்யக் கூடாது என்று பதில் வந்தது. அந்த வருஷம் ஐப்பசி மழையில் நாலு பக்கச் சுவரும் ஊறிப் பெயிண்ட் பொரிந்துபோனது. பழி மேஸ்திரி மேல்தான் விழுந்தது, பூச்சு சரியில்லை என்று. அவர் கூலியில் பிடித்தார்கள். நான் அன்றைக்கு எழுந்து நின்று நடந்ததைச் சொல்லவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

சிஷோமின் கட்டடங்களைக் கட்டியவர்கள் பேரும் கிடைப்பதில்லை. ஒப்பந்தக்காரர்களில் நம்பெருமாள் செட்டியார் பேர் மட்டும் நிலைத்தது, விக்டோரியா ஹாலை எழுப்பியவர். அவருக்குக் கீழே சுண்ணாம்பு அரைத்தவர், வளைவுக்குச் சாரம் கட்டியவர், தளம் தட்டிய பெண்கள், ஒருவர் பேரும் இல்லை. அப்படி ஒரு கருத்தைச் சொன்ன சிஷோம் அந்தக் கட்டுரையில் நாலு பேரின் பேரையாவது எழுதி வைத்திருக்கலாம் என்று அவரிடம் எனக்குக் கோபம்கூட உண்டு.

பரோடாவில் அவர் போய் நின்ற இடம் லேசானதில்லை. லட்சுமி விலாஸ் அரண்மனையை வரைந்த மேஜர் சார்லஸ் மான்ட் 1881-இல் இறந்துபோனார். தன் கணக்கு தப்பு, கட்டடம் இடிந்து விழுந்துவிடும் என்ற பயத்தில் அவர் மனம் கலங்கிப்போனதாக ஒரு கதை உண்டு. இன்னொருவர் பாதியில் விட்ட கட்டடத்தை, அதுவும் அப்படிப்பட்ட பயத்தோடு விட்டதை எடுத்து முடிப்பது எவ்வளவு பாரம் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். சிஷோம் அதை 1890-வாக்கில் முடித்துக் கொடுத்தார். அரண்மனை இன்னும் அசையாமல் நிற்கிறது. பரோடா கல்லூரிக்கு பீஜப்பூர் கோல்கும்பாஸை மனதில் வைத்து ஒரு பெரிய குவிமாடம் கட்டினார், இன்றைக்கு அது மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலம்.

அதற்கப்புறம் லண்டன். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. ஸ்லோன் டெரஸ் என்ற தெருவில் 'கிறிஸ்டியன் சயன்ஸ்' என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபைக்கு ஒரு தேவாலயம் கட்டினார், 1907. இப்போது அதற்குப் பேர் கடோகன் ஹால், ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் வீடு. நான் போனதில்லை, படங்களில்தான் பார்த்திருக்கிறேன். வெள்ளைக் கல், பைசாந்திய வளைவுகள், ஒல்லியாக ஒரு கோபுரம். இத்தாலியோடு மெட்ராஸுக்கு வந்தவர் என்னத்தோடு திரும்பிப் போனார் என்று பார்க்க, செனட் ஹவுஸ் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கோபுரத்தை ரொம்ப நேரம் பார்த்தேன். 1915-இல் காலமானார்.

போன மாசம் சேப்பாக்கத்தில் ஒரு மதில் பக்கம் சாரம் கட்டியிருந்தார்கள். கொத்தனார் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், கரணையின் மரப்பிடியால் பழைய பூச்சைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தாத்தாவும் இப்படித்தான் செய்வார். டொக்கென்று கேட்டால் பூச்சு சுவரைப் பிடித்திருக்கிறது, பொத்தென்று கேட்டால் உள்ளே விட்டுப்போய்விட்டது. பக்கத்தில் போய் யாரிடம் கற்றீர்கள் அண்ணே என்றேன். "எங்கப்பாருகிட்ட" என்றார். இதைக் கட்டினவரைத் தெரியுமா என்று கேட்டதற்கு, இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, ஓர் இடத்தில் உள்ளங்கையை வைத்து என்னையும் வைக்கச் சொன்னார். கூழாங்கல்லால் தேய்த்த பழைய சுண்ணாம்பு, நல்ல வெயிலிலும் சில்லென்று இருந்தது. "இந்த இடத்தை உடைக்க மாட்டேன் சார், இது நல்லாப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, சாக்பீஸால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த இடத்தைத் தட்டப் போனார்.